டிக்கி மேல் இறக்கை: நெல்லை–நாகர்கோவில் சாலையில் ஓடிய ஒரு செடானின் நிகழ்வு ஆய்வு

டிக்கியைத் திறந்து கையை எடுத்ததும் மூடி நிற்கவில்லை, படாரென்று விழுந்தது. ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். மூடியின் உட்புறத்தில் டார்ச் அடித்தால், மேலே இறக்கை மாட்டப் போட்ட நான்கு துளைகள். நான்கும் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன, சுற்றிலும் செந்துரு. வண்டிக்காரர் எங்களிடம் வந்த காரணம் வேறு. வாரத்துக்கு இரண்டு முறை திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போய்வருகிறார். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழி. தொண்ணூறைத் தாண்டினால் பின்னாலிருந்து ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம். பணகுடிப் பக்கம் வால் ஆடுகிறது. லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி பதினாறரைக்கு இறங்கிவிட்டது.

“இத மாட்டுனா எண்பதுக்கு மேல வண்டி ரோட்டோட ஒட்டிக்கிடும்னு சொன்னாவ, அண்ணாச்சி. ஆனா பணகுடி தாண்டுனா வாலு ஆடுதே?”

“மொதல்ல பின் டயருல காத்து பாத்தீயளா, தம்பி?”

பார்க்கவில்லை. அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

வண்டி பத்து வருடம் ஓடிய பெட்ரோல் செடான், முன்சக்கர இழுவை. ஓட்டுநரும் அரை டாங்க் பெட்ரோலும் சேர்த்து 1,050 கிலோ, அதில் பின் அச்சில் சுமார் 400 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 245 செ.மீ. டிக்கி மேல் மாட்டியிருந்தது அலுமினிய இறக்கை: நீளம் 120 செ.மீ., முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு 20 செ.மீ., இரண்டு தட்டையான கால்கள் 28 செ.மீ. உயரம், இரு முனையிலும் 20க்கு 20 செ.மீ. ஓரத்தகடு. எல்லாம் சேர்த்து ஐந்தரைக் கிலோ. பின்விளிம்பு மேலே தூக்கி 14 பாகையில் நிறுத்தப்பட்டிருந்தது. போதாததற்குப் பின்விளிம்பில் 15 மி.மீ. உயரத்தில் எல் வடிவப் பட்டி ஒன்று.

ஸ்பாய்லரா, விங்கா?

நம் கடைகளில் டிக்கி மேல் எதை மாட்டினாலும் ஸ்பாய்லர்தான். வேலை வேறு என்பதால் பெயரையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்பாய்லர் உடம்போடு ஒட்டிக் கிடக்கும், காற்று அதன் மேலே மட்டும் போகும். டிக்கி ஓரத்தில் வரும் இரண்டு மூன்று செ.மீ. உதடு, ஹேட்ச்பேக் கூரையின் பின்னால் நீளும் பலகை எல்லாம் இந்த இனம். காற்றை ஓரிடத்தில் தடுத்து, அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடியின் மேலும் டிக்கியின் மேலும் அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. விங் காலில் நிற்கும், மேலும் கீழும் காற்று போகும். விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. அதனால் வளைந்து புடைத்த பக்கம் கீழே இருக்க வேண்டும். புடைப்பை மேலே வைத்து மாட்டிய இறக்கைகளும் ரோட்டில் ஓடுகின்றன. அவை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கத்தான் உதவும். நம் வண்டியில் அந்தத் தவறு இல்லை.

செடானின் பின்பக்கம் ஓட்டத்தில் லேசாகத் தூக்கும் என்பது உண்மைதான். கூரை மேல் வளைந்து வரும் காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது, பின் கண்ணாடியில் இறங்கும்போது ஒட்டி வந்தால் அந்தக் குறைந்த அழுத்தம் கண்ணாடி மேலேயும் தொடர்கிறது. பின் கண்ணாடியின் சரிவு கூடக்கூட நிலைமை மாறும். கார் வடிவத்தை எளிமையாக்கிய ‘அகமது மாதிரி உடல்’ பற்றி 1984-இல் வெளியான ஆய்வு இதற்கு இன்றும் அடிப்படை: சரிவு 30 பாகையை நெருங்கும்போது இழுவை, அதாவது காற்று வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும் விசை, உச்சத்துக்குப் போகிறது, அதைத் தாண்டினால் காற்று முழுக்கப் பிய்த்துக்கொண்டு வேறு மாதிரி ஓடுகிறது.

இந்தத் தூக்கு எவ்வளவு பெரியது என்பதில்தான் கடைப்பேச்சும் கணக்கும் பிரிகின்றன.

100 கி.மீ. வேகத்தில் எத்தனை கிலோ?

35 பாகை செல்சியஸ் வெயிலில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு சுமார் 1.145 கிலோ. 100 கி.மீ. என்பது விநாடிக்கு 27.8 மீட்டர். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சதுரமீட்டருக்கு 442 நியூட்டன். இனி எந்தக் கணக்குக்கும் இந்த 442 தான் அடி எண்.

வண்டியின் முன்பரப்பு சுமார் 2.1 சதுரமீட்டர், சாதாரண செடானின் பின் தூக்குக் கெழு (வடிவம் எவ்வளவு தூக்கும் என்று காட்டும் எண்) 0.1 என்று வைத்தால் 93 நியூட்டன். அதாவது பின் அச்சில் ஒன்பதரைக் கிலோ குறைகிறது. 400 கிலோவில் ஒன்பதரை. 200 கி.மீ. வேகத்தில் இது நான்கு மடங்காகி 38 கிலோ ஆகும். அங்கே ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆடி நிறுவனத்தின் முதல் தலைமுறை டிடி கார் 1998-இல் வழவழப்பான பின்பக்கத்தோடு வந்தது. ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் விபத்துகள் நடந்த பிறகு வண்டிகளைத் திரும்ப அழைத்து டிக்கி ஓரத்தில் ஒரு சிறு ஸ்பாய்லர், சஸ்பென்ஷன் மாற்றம், வண்டி சறுக்கினால் தானே பிரேக் பிடித்துத் திருத்தும் ஈ.எஸ்.பி. மூன்றையும் சேர்த்தார்கள். ஸ்பாய்லரை மட்டும் ஒட்டி அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் இறக்கை. பரப்பு 0.24 சதுரமீட்டர். சரியான கோணத்தில், கூரைக்குப் பின்னால் கலங்கி வரும் காற்றில் கெழு 0.8 கிடைத்தால் நல்ல வேலை. 442 × 0.24 × 0.8 = 85 நியூட்டன், அதாவது 8.6 கிலோ. வேகம் குறைந்தால் வர்க்கத்தில் குறையும்: 80 கி.மீ.யில் ஐந்தரை, 60-இல் மூன்று கிலோ. வண்ணார்பேட்டைப் பாலத்துக்கும் ஜங்ஷனுக்கும் இடையில் 30 கி.மீ. வேகத்தில் முக்கால் கிலோ, ஒரு தேங்காய் வைத்த மாதிரி.

இறக்கை பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, 75 செ.மீ. பின்னால் தள்ளி நிற்கிறது. அதனால் 8.6 கிலோ அமுக்கினால் பின் அச்சில் 11.2 கூடுகிறது, முன் அச்சில் 2.6 குறைகிறது. ஏற்ற மரத்தின் கதைதான். இந்த வண்டியில் இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம். அங்கிருந்து எடுத்து இங்கே வைப்பதில் லாபம் என்ன என்று யோசிக்க வேண்டும்.

அப்படியானால் டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டையைப் போட்டால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மூட்டை டயரை அமுக்கும், ஆனால் வளைவில் அந்த 25 கிலோவையும் டயர்தான் வெளியே போகாமல் பிடிக்க வேண்டும். இறக்கை கொடுக்கும் அமுக்குக்கு எடை கிடையாது. பந்தயக்காரர்கள் இதற்காகத்தான் உயிரை விடுகிறார்கள். ஐந்தரைக் கிலோ அலுமினியத்தை உயரத்தில் சுமந்து 80-இல் ஐந்தரைக் கிலோ அமுக்கு வாங்கும் வண்டிக்கு அந்த லாபம் ஏறக்குறைய கழிந்துபோகிறது.

14 பாகை ஏன் தப்பு?

உல்லன் நூலை எட்டு செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு நுனியை மட்டும் டேப்பால் ஒட்டி, இறக்கையின் மேல்புறமும் கீழ்புறமும் ஒரு சாணுக்கு ஒன்றாக வரிசைகள் போட்டுப் பார்த்தது. தையல் நூல் ஆகாது, மிக லேசு, காற்று சரியாக இருந்தாலும் துடிக்கும். பின்னால் இன்னொரு வண்டி இரண்டு கார் நீளம் விட்டு அடுத்த தடத்தில் வர, பக்கத்து இருக்கையில் இருப்பவர் கைபேசியில் படமெடுக்க வேண்டும். 60 கி.மீ. வேகமே போதும். காற்றின் போக்கு அறுபதிலும் நூறிலும் பெரிதாக மாறாது.

படத்தில் தெரிந்தது இது. கீழ்ப்பக்கத்தில், இரு முனையிலும் ஒரு சாண் அளவுக்கு நூல்கள் பின்னோக்கிச் சீராகக் கிடந்தன. நடுவில் இருந்தவை தலைவிரி கோலமாக ஆடின, சில முன்னோக்கியே திரும்பின. இறக்கையின் நடுப்பகுதி ஸ்டால் ஆகியிருந்தது, அதாவது காற்று தகட்டை விட்டுப் பிய்ந்திருந்தது.

காரணம் கூரை. அதைத் தாண்டி வரும் காற்று கிடைமட்டமாக வருவதில்லை, பின் கண்ணாடியைத் தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. நடுவில் இந்தச் சரிவு எட்டு பாகை என்று வைத்தால், 14 பாகையில் நிற்கும் இறக்கை சந்திப்பது 22 பாகை. இந்த அளவு தகடு இந்த வேகத்தில் ஏறக்குறைய 15 பாகை வரை தாங்கும். முனைகளில் காற்று வண்டியின் பக்கவாட்டிலிருந்து நேராக வருகிறது, அங்கே கோணம் 14 தான். ஒரே தகடு, நடுவில் ஒரு கோணம், ஓரத்தில் ஒரு கோணம்.

இதைப் புரிந்துகொள்ள கயத்தாறு, பணகுடிப் பக்கத்துக் காற்றாலை போதும். அதன் இறக்கையை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் அடியிலிருந்து நுனிவரை முறுக்கு இருப்பது தெரியும். அடிப்பக்கத்தில் காற்று சந்திக்கும் கோணம் வேறு, நுனியில் வேறு. அதற்கேற்ப முறுக்குகிறார்கள். பந்தயக் கார்களில் நடுப்பகுதியைத் தாழ்த்தி ஓரத்தை நிமிர்த்திய இறக்கைகள் வருவதும் இதே கணக்கில்தான். நேர்த்தகடாக வார்த்த நம் இறக்கைக்கு அந்த வசதி இல்லை. நடுப்பகுதிக்குப் பொருத்தமான கோணத்தில் வைத்துவிட்டு, முனைகள் பாதி சும்மா இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஸ்டால் ஆன இறக்கை கீழ்விசையை முழுவதும் இழக்காது. கெழு 0.6 அளவுக்கு இறங்கும், ஆறரைக் கிலோ கிடைக்கும். இழுவைதான் எகிறும்: அதன் கெழு 0.35 என்று எடுத்தால் 100-இல் 37 நியூட்டன். கோணத்தை 2 பாகைக்கு இறக்கினால் நடுவில் 10 பாகை ஆகும், கீழ்விசை 8.6 கிலோவுக்கு ஏறும், இழுவை 12 நியூட்டன் பக்கம் இறங்கும். கோணத்தைக் குறைத்தால் அமுக்கு கூடுகிறது என்பதை வண்டிக்காரர் நம்பவில்லை. நூல் படத்தைக் காட்டிய பிறகு நம்பினார்.

‘உம்ம்ம்’ சத்தமும் இதிலிருந்துதான். பிய்ந்த காற்று மேலும் கீழும் மாறிமாறிச் சுழல்களாக உதிர்கிறது. 22 பாகையில் நிற்கும் 20 செ.மீ. தகடு காற்றுக்குக் காட்டும் உயரம் ஏழரை செ.மீ. நூறு கி.மீ. வேகத்தில் விநாடிக்கு எழுபது சொச்சம் தடவை. காதுக்கு அது ஒரு தாழ்ந்த முரல். டிக்கி மூடி அதற்குத் தவில் தோல் மாதிரி.

பின்விளிம்புப் பட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1971-இல் அமெரிக்கப் பந்தயக்காரர் டான் கர்னி தன் பந்தயக் காரின் இறக்கையில் முதலில் வைத்துப் பார்த்தது, அவர் பெயரிலேயே கர்னி பட்டி. அளவு சிறியதாக இருந்தால் அற்புதமாக வேலை செய்யும்: இறக்கையின் அகலத்தில் 1 முதல் 2 சதவீதம். நம் 20 செ.மீ. தகட்டுக்கு 2 முதல் 4 மி.மீ. போதும். 15 மி.மீ. என்பது ஏழரை சதவீதம். அதைக் கழற்றினோம். கோணத்தைச் சரிசெய்யாமல் பட்டியை மட்டும் மாற்றியிருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்காது.

பணகுடிக் காற்று

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழமொழி மட்டும் கிடையாது. ஆனி, ஆடியில் மேற்குமலைக் கணவாய்கள் வழியாக வரும் காற்று வள்ளியூரிலிருந்து தெற்கே நால்வழிச்சாலையைக் குறுக்காக வெட்டுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான்.

90 கி.மீ. வேகத்தில் தெற்கே போகும் வண்டி மீது மேற்கிலிருந்து விநாடிக்கு 12 மீட்டர் காற்று அடித்தால், வண்டி உணரும் காற்று நேர் முன்னாலிருந்து வராது, 26 பாகை சாய்ந்து வரும், வேகம் 100 கி.மீ. ஆகியிருக்கும். செடான் உடம்பு அதில் வாங்கும் பக்கவிசை 80, 90 கிலோ. அந்த விசை எடை மையத்துக்கு முன்னால் விழுவதால் மூக்கைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டு ஓரத்தகடுகளும் சேர்ந்து வாங்குவது அதிகபட்சம் மூன்றரைக் கிலோ. அது வண்டியின் பின்கோடியில் இருப்பதால் மூக்குத் திரும்புவதை எதிர்க்கும், அம்பின் வால் இறகு போல. ஆகவே வால் ஆட்டத்துக்கு இறக்கை காரணம் கிடையாது. கொஞ்சம் உதவியே செய்திருக்கும்.

ஆடியது எதனால்? பின் டயர் இரண்டிலும் காற்று 23, 25. கதவோரத் தாளில் போட்டிருப்பது 30. தூக்கி நிறுத்திப் பார்த்ததில் பின் அச்சு புஷ் (அச்சை உடம்போடு பிடித்திருக்கும் ரப்பர்) ஒன்று கிழிந்திருந்தது. லிவரை வைத்து நெம்பினால் அச்சு ஒரு விரல் நகர்ந்தது. லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் காற்று ஒரே அறையாக விழும். இளகிய டயரும் கிழிந்த புஷ்ஷும் அந்த அறையைத் தாமதமாக வாங்கி, தாமதமாகத் திருப்பிக் கொடுக்கும். ஓட்டுநர் அதற்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டிருப்பார். அதுதான் வால் ஆட்டம். புஷ் மாற்றி, டயரில் 30 வைத்தபின், அதே இறக்கையோடு, அதே பணகுடியில் புகார் நின்றது.

இறக்கை மாட்டியதும் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்று சொல்லும் வண்டிகளிலும் இதே மாதிரி வேறொன்று நடந்திருக்கும்: கூடவே புது டயர் போட்டிருப்பார்கள்.

தகரமும் போல்ட்டும்

இறக்கையின் விசை எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை. 1966-இல் சப்பரல் 2ஈ பந்தயக் காரில் அமெரிக்கரான ஜிம் ஹால் உயரமான இறக்கையை மாட்டியபோது அதன் கால்களைப் பின்சக்கர அச்சுக்கட்டையிலேயே ஊன்றினார். உடம்பைத் தொடாமல் விசை நேராக டயருக்கு. மற்றவர்கள் அதைப் பார்த்து ஒல்லிக் கால்களில் இறக்கை மாட்டினார்கள். 1969 ஸ்பெயின் ஃபார்முலா 1 பந்தயத்தில் லோட்டஸ் அணியின் கிரஹாம் ஹில், ஜோக்கன் ரிண்ட் இருவரின் இறக்கைகளும் ஒரே பந்தயத்தில் ஒடிந்தன. அதே மாதம் மொனாக்கோவில் உயர இறக்கைகளுக்குத் தடை வந்தது. ஒடிந்த இடம் தாங்கும் அமைப்பு, வேலை செய்த தகடு அல்ல.

நம் வண்டியில் தாங்குவது 0.7 மி.மீ. தகரம். நான்கு 6 மி.மீ. துளை, உள்ளே ஆளுக்கொரு சிறு வாஷர், அவ்வளவுதான். நேராக அமுக்கும் எட்டு கிலோவைத் தகரம் சட்டை செய்யாது. கொல்வது பக்கவாட்டு ஆட்டம். காலின் பாதம் 3 செ.மீ. அகலம். 28 செ.மீ. உயரத்தில் ஓரத்தகடு வாங்கும் மூன்றரைக் கிலோ, பாதத்தின் ஓரத்துக்கு வரும்போது பத்துப் பதினைந்து கிலோவாகிறது. தகரம் டின் டப்பா மூடி போல உள்ளே வெளியே என்று குதிக்கிறது. ஸ்டால் அதிர்வு மேலே சேர்கிறது. முதலில் பெயின்ட் விரியும், பிறகு துளை நீளும், பிறகு போல்ட் தளரும், தளர்ந்ததும் எல்லாம் பத்து மடங்கு வேகத்தில் நடக்கும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் நான்கு நாள் நின்றால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

துளைக்கு அடித்திருந்த சிலிகானும் தவறான இனம். பூசும்போது புளிக்காடி வாடை வரும் சிலிகான் அமிலம் கக்கிக்கொண்டு காயும், வெறும் இரும்பில் பட்டால் துருவைத் தானே தொடங்கி வைக்கும். கண்ணாடித் தொட்டிக்கு நல்லது, டிக்கிக்கு ஆகாது.

இறக்கை வேண்டுமென்றே இருப்பவர்களுக்கு முறை இதுதான். மூடியின் உட்சட்டம் தகரத்தை ஒட்டி வரும் இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, காலை அங்கே கொண்டுவர வேண்டும். வெளியே பாதத்துக்குக் கீழே வெயிலும் மழையும் தாங்கும் 2 மி.மீ. ஈ.பி.டி.எம். ரப்பர். உள்ளே 3 மி.மீ. அலுமினியத் தகடு, 60க்கு 80 மி.மீ., மூலைகளை உருட்டி, மூடியின் வளைவுக்கு லேசாகத் தட்டி. முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 6.5. பிசிரை எடுத்து, விழுந்த இரும்புத் தூளைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். அதை விட்டால் மூடியின் மடிப்புக்குள் உட்கார்ந்து ஒரு மழையில் துருவாகும். துளையின் விளிம்புக்குத் துத்தநாக ப்ரைமர், காய்ந்தபின் பெயின்ட். தண்ணீர் இறங்காமல் அடைக்கப் பியூட்டைல் சீலன்ட். எம்6 துருப்பிடிக்காத எஃகு போல்ட், நைலான் பூட்டு நட், 7 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் பிதுங்கித் தகரம் குழியும். 100 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, 500-இல் ஒரு முறை திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் மூடி விழுவது தீராது. மூடியைத் தூக்கி நிறுத்தும் முறுக்குக் கம்பிகள் கம்பெனி மூடியின் எடைக்கு அளந்து போட்டவை. கீலிலிருந்து 45 செ.மீ. தள்ளி ஐந்தரைக் கிலோ கூடினால் அவை தோற்கும். கம்பியின் முனையை அடுத்த காடிக்கு மாற்றும் வசதி சில மாடல்களில் உண்டு, இதில் இல்லை. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் குக்கரை வைக்கக் குனியும்போது பிடரியில் அந்த மூடி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வேண்டாம்.

மைலேஜ்

நூறில் இந்த வண்டியின் சொந்தக் காற்றிழுவை சுமார் 297 நியூட்டன், டயர் உருளும் தடை 124. மொத்தம் 421. ஸ்டால் ஆன இறக்கையும் கால்களும் சேர்த்து 40. ஒன்பதரை சதவீதம். இன்ஜினின் உள்விரயமும் ஊருக்குள் ஓடும் நேரமும் இதை நீர்த்துப்போகச் செய்யும், ஆனால் 18-இல் ஒரு கி.மீ. போவதற்கு இது போதும். மீதி அரை கி.மீ. இளகிய பின் டயரின் கணக்கு.

அளந்து பார்க்க விரும்பினால் பெட்ரோல் பங்க் கணக்கை நம்பக்கூடாது. ஒரு நிரப்பலுக்கும் அடுத்ததற்கும் லிட்டர் கணக்கில் பிசகும். சமதளத்தில் 80-க்கு மேல் போய், நியூட்ரலில் விட்டு, 80-இலிருந்து 60-க்கு இறங்கும் நேரத்தைப் பிடிப்பது நல்லது. விடியற்காலை, வெறிச்சோடிய தடம், பின்னால் வண்டி வராதபோது மட்டும். இன்ஜினை நிறுத்தவே கூடாது, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். ஏ.சி. அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஒரே டயர் காற்று, ஒரே ஆள் எடை. போகும் திசையில் ஐந்து, வரும் திசையில் ஐந்து. இந்த வண்டிக்கு இறக்கை இல்லாமல் 23 விநாடி பக்கம் வர வேண்டும், ஸ்டால் ஆன இறக்கையோடு ஒன்றரை விநாடி குறையும், சரியான கோணத்தில் அரை விநாடிதான் குறையும். கை ஸ்டாப்வாட்ச்சின் பிசகே கால் விநாடி. அதனால்தான் ஐந்தும் ஐந்தும். ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் இதைச் செய்வது வீண், தை மாசியில் செய்யலாம்.

உதடு

மூன்று வழிகளைச் சொன்னோம்: இறக்கையை 2 பாகையில் பலமாக மாட்டுவது, கழற்றிவிட்டுச் சும்மா விடுவது, டிக்கி ஓரத்தில் 25 மி.மீ. உதடு ஒட்டுவது. வண்டிக்காரர் மூன்றாவதைக் கேட்டார். தோற்றத்துக்கு ஏதாவது இருக்க வேண்டுமே. எங்கள் கணிப்பிலும் இந்த வேகங்களுக்கு அதுவே சரி. பின் தூக்குக் கெழுவில் 0.05 குறைத்தாலே 100-இல் 4.7 கிலோ மிச்சம். எடை 300 கிராம் பக்கம், துளை கிடையாது, நன்றாக அமைந்தால் இழுவையும் கூடாது. 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7-இன் ‘வாத்துவால்’ ஸ்பாய்லர் இதே வழியில் வந்ததுதான், அளவு மட்டும் பெரிது. உதட்டை உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் அது வெறும் சுவர்.

ஒட்டும் வேலையில் வெயில்தான் எதிரி. சித்திரை நடுப்பகலில் கறுப்பு டிக்கி மேல் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் டபுள் டேப் ஒட்டினால் பசை இளகி உட்காராது. தகரம் 21 முதல் 38 பாகை செல்சியஸுக்குள் இருக்கும் காலை நேரத்தில், நிழலில் ஒட்ட வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைத்து, வேறு துணியால் உலர்த்தி, வாக்ஸ் போட்ட வண்டியென்றால் இரண்டு தடவை துடைத்து. முதலில் மாஸ்கிங் டேப்பில் இடம் குறித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் அழுத்த வேண்டும். 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு, 24 மணி நேரத்தில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுமை. அதுவரை வாட்டர் சர்வீஸ் கூடாது. மழைக்கும் ஒதுங்கியே நிற்பது நல்லது.

பழைய நான்கு துளைகளை ரப்பர் அடைப்பான் போட்டும் மூடலாம். நீண்டுபோன துளைக்கு அது நிற்காது. துருவைச் சுரண்டி, நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி, அதே பருமனில் வட்டத் துண்டு வைத்து, பின்னால் செப்புத் தகடு பிடித்துக்கொண்டு புள்ளிபுள்ளியாக வெல்டிங் வைத்தது. தொடர்ந்து ஓட்டினால் 0.7 தகரம் ஓட்டையாகிவிடும், மூடி முழுவதும் வளையும். பிறகு பட்டிப் பூச்சு, ப்ரைமர், பெயின்ட்.

ஆர்.சி. விஷயம் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் உண்டு. உதட்டை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உடம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும் இறக்கையைப் பார்ப்பார்கள். ரியர்வியூ கண்ணாடியில் பாதி மறைத்துக்கொண்டு, பின் கண்ணாடிக்குள் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கையும் மறைத்தால், கேட்பதில் தப்பில்லை.

பெயின்ட் காய்ந்த நான்காம் நாள் காலை, மூடி மேல் பத்து நிமிடம் ஹோஸால் தண்ணீர் விட்டது. ஸ்டெப்னிப் பள்ளத்தில் போட்டிருந்த செய்தித்தாள் ஈரமாகவில்லை. டிக்கியைத் திறந்து கையை எடுத்தோம். நின்றது.